தேன்கூடும் மனித நீதியும்

சமுதாய ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்த முனைவோர் தேன்கூட்டைச் சான்றுக்கு அழைப்பதுண்டு. இராணி ஆளப் பிறந்தவள். வேலைக்காரத் தேனீ உழைக்கப் பிறந்தது. இதுவே இயற்கையின் நியதி என்பர்.

உயிரியல் கூறுவதோ வேறு. இவ்விரண்டும் ஒரே தன்மையான கருக்கட்டிய முட்டையிலிருந்தே தோன்றுகின்றன. முதல் மூன்று நாட்கள் எல்லாக் குடம்பிகளும் செவிலித் தேனீக்கள் சுரக்கும் ஊட்டப்பாகையே உண்கின்றன. பின்னரும் அதனையே பெற்று வளர்வது, முட்டையிட்ட ஏறத்தாழ 16ஆம் நாளில் இராணியாக வெளிவருகிறது. தேனும் மகரந்தமும் கலந்த உணவுக்கு மாற்றப்படுவது 21ஆம் நாளில் வேலைக்காரத் தேனீயாகிறது. பேதத்தை விளைப்பது பிறப்பன்று, ஊட்டமே. இராணி ஆள்வதுமில்லை, முட்டையிடுவதே அதன் பணி.

அவ்வாறாயின், தேன்கூடு சமத்துவத்தைப் போதிக்கிறது எனலாமா? அதுவும் பொருந்தாது. குளிர் நாடுகளில், மாரி தொடங்குமுன் அதே கூடு ஆண் தேனீக்களை வெளியே தள்ளி மாளவிடுகிறது. அதனை எவரும் அறமெனக் கொள்ளார். அரிஸ்டோட்டில் கூட்டின் தலைமைத் தேனீயை அரசன் எனக் குறித்தார். சார்ள்ஸ் பட்லர் 1609இல் தேன்கூட்டைப் பெண்ணரசு என வருணித்து நூல் செய்தார். மனிதர் தம் அரசியலையே கூட்டினுட் கண்டனர்.

தேனீக்குத் தெரிவு இல்லை, நமக்கு உண்டு. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு உணவு, எவ்வளவு கல்வி என்பதை நாமே தீர்மானிக்கிறோம். அப்பொறுப்பை இயற்கையின் மேற் சுமத்துதல் அறமாகாது.