பெருமழையும் மனிதனின் கடமையும்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் பிற்பகலில் மும்பையின் வடபகுதியில் வானம் பிளந்து கொட்டியது. மறுநாள் காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் சாந்தாக்ரூஸில் பதிவான மழையளவு 944 மில்லிமீட்டர். வடியாமல் அப்படியே நின்றால் அது மூன்றடிக்கும் மேற்பட்ட நீர். அதே நகரின் தென்முனையான கொலாபாவிலோ ஏறத்தாழ 73 மில்லிமீட்டர் மட்டுமே பெய்தது. ஒரே நகரம், ஒரே நாள். ஒரு முனையில் மழை குடையோடு போயிற்று. மறு முனையில் உயிர்களைக் கொண்டு போயிற்று. அந்த நாட்களின் மழையாலும் வெள்ளத்தாலும் மகாராஷ்டிர மாநிலத்தில் மாண்டவர்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர்.

அன்றிரவு மும்பை வேறொரு காட்சியையும் கண்டது. மின்சார ரயில்கள் நின்றுவிட்டன. லட்சக்கணக்கானோர் இடுப்பளவு நீரில், இருட்டில், ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு வீடு நோக்கி நடந்தனர். முன்பின் அறியாதவர்களுக்குக் கதவுகள் திறந்தன. தேநீரும் ரொட்டியும் வழியெங்கும் நீட்டப்பட்டன. உன் மொழி எது, மதம் எது என்று எவரும் கேட்கவில்லை.

இந்த இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. இத்தனை கருணை உள்ள ஊரில் இத்தனை துன்பம் எப்படி நேர்ந்தது?

இயற்கையின் சீற்றமா?

‘இயற்கை சீறியது’ என்று சொல்வது வழக்கம். சீற்றம் என்பது மனம் உள்ளவற்றின் குணம்; மழைக்குச் சினமும் இல்லை, பகையும் இல்லை. கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக மழையின் சிறப்பைப் பாடிய வள்ளுவர், கெடுப்பதும் கெட்டவர்க்குத் துணையாவதும் அதே மழைதான் என்கிறார். மழை தன் இயல்பில் நிற்கிறது. மாறியது எது?

விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரைச் சுமந்து, குர்லாவைக் கடந்து, தாராவியை ஒட்டி மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது மித்தி ஆறு. விமான நிலையத்திற்காக அதன் போக்கு திருப்பப்பட்டது. கரைகளில் பட்டறைகளும் குடியிருப்புகளும் நெருங்கின. கழிவும் நெகிழிக் குப்பையும் அதன் வயிற்றை நிரப்பின. வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் சதுப்பு நிலங்களும் அலையாத்திக் காடுகளும் மண்ணிட்டு நிரப்பப்பட்டு, அங்கே அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கெனத் திட்டமிடப்பட்ட பழைய வடிகால்கள், கடல் ஏற்றத்தின்போது நீரை வெளியேற்ற முடியாமல் திணறின. அன்றைய தினமோ கடல் ஏற்றமும் பெருமழையும் ஒன்றாக வந்தன.

உலகின் மறுபக்கத்திலும் அவ்வாண்டு இதே பாடம் நடத்தப்பட்டது. 2005-இல் அட்லாண்டிக் கடலில் 28 புயல்கள் தோன்றின. பெயர்ப்பட்டியல் தீர்ந்துபோய் கிரேக்க எழுத்துகளைப் பெயராக இட வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரை கடந்தபோது, நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரின் பெரும்பகுதி மூழ்கியது. வாகனம் வைத்திருந்தோர் முன்னதாகவே வெளியேறினர். இல்லாத ஏழைகளே பெரும்பாலும் சிக்கிக்கொண்டனர். செல்வம் மிக்க நாட்டிலும் வெள்ளம் முதலில் தேடிச் சென்றது தாழ்ந்த நிலத்தில் வாழ்ந்தவர்களைத்தான்.

புயல் இயற்கையினுடையது, பேரழிவில் மனிதனுக்கும் பங்குண்டு. புயலிலும்கூட இன்று அவன் கை கலந்திருக்கிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்க வல்லது. 1950 முதல் 2015 வரையிலான காலத்தில் மத்திய இந்தியாவில் பரவலான பெருமழை நிகழ்வுகள் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டன என்று 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது.

கர்ம பலனா?

‘எல்லாம் அவரவர் கர்மம்’ என்று சொல்லிக் கடந்து போகும் பழக்கமும் உண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அப்போது ஹரிஜன யாத்திரையில் இருந்த காந்திஜி, திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமைப் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை இது என்ற கருத்தை வெளியிட்டார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவரோடு உடன்பட்ட தாகூர் இதை மறுத்தார். பௌதிக நிகழ்ச்சிகளுக்குப் பௌதிகக் காரணங்களே உண்டு என்பது அவர் வாதம். அந்த மறுப்பை காந்திஜி தமது ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். பின்னர் தாமே பீகார் சென்று துயருற்றோரிடையே பயணம் செய்தார்.

இந்த விவாதத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்திஜி பாவத்தைத் தாமும் சேர்ந்த சமுதாயத்தின் மீது சுமத்தினாரே தவிர, ‘இறந்தவர்கள் பாவிகள்’ என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஆயினும் தாகூரின் கேள்வி நிற்கத்தான் செய்கிறது. குற்றம் செய்தவன் ஒருவன், இடிபாட்டில் சிக்கியவன் வேறொருவன் என்றால் அதில் நீதி எங்கே?

மும்பையிலும் அதே கேள்விதான். சதுப்பு நிலத்தை நிரப்பி லாபம் கண்டவரின் வீட்டினுள் வெள்ளம் வரவில்லை. தாராவியில் விடியுமுன் எழுந்து இட்டலி அவித்து நகரெங்கும் விற்றுப் பிழைத்தவர்களின் குடிசைக்குள் வந்தது. அவர்களிடம் போய் ‘இது உங்கள் கர்மம்’ என்று சொல்ல எவருக்கு மனம் துணியும்?

கர்மக் கோட்பாடு ஒருவன் தன் முகத்தைப் பார்த்துக்கொள்வதற்கான கண்ணாடி. ‘என் நிலைக்கு நான் பொறுப்பு, ஆகவே நான் மாற முடியும்’ என்று தனக்குச் சொல்லும்போது அது வலிமை தருகிறது. அடுத்தவன் துன்பத்திற்கு விளக்கமாக அதைச் சொல்லும்போது அது இரக்கமின்மைக்குத் திரையாகிவிடுகிறது. மேலும், எல்லா உயிரிலும் உறைவது ஒரே ஆன்மா என்பது வேதாந்தத்தின் முடிவு. அதை உண்மையாக ஏற்பவனுக்கு, தான் எறிந்த குப்பை எங்கோ ஒரு குடிசையில் ஏற்றிய நீர் பிறர் வீட்டு வெள்ளமாகத் தோன்றாது. அவனது வினையின் பலன் அவனிடமே வந்திருக்கிறது, வேறோர் உடல் வழியாக. இந்த உணர்வு பொறுப்பாக மாறாவிட்டால், அத்வைதம் வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

கருணையும் தர்மமும்

வெள்ளம் வடிந்ததும் மும்பையின் மனவுறுதியைப் பலரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழுக்கு மக்கள் உரியவர்களே. எனினும், தாங்குபவனுடைய பொறுமையைத் தடுத்திருக்க வேண்டியவன் புகழும்போது, அப்புகழ் எளிதில் சாக்காகிவிடுகிறது. ‘இவர்கள் எதையும் தாங்குவார்கள்’ என்ற பாராட்டுக்குள், ‘ஆகவே அடுத்த முறையும் தாங்கட்டும்’ என்ற அலட்சியம் மறைந்திருக்கக் கூடும்.

கருணை கண்ணெதிரே துன்பத்தைக் காணும்போது பொங்குகிறது. தர்மமோ கண்ணெதிரே எதுவும் இல்லாதபோதும் விழித்திருக்கிறது. மூழ்குபவனுக்குக் கை கொடுப்பது கருணை; ஏப்ரல் மாத வெயிலில், யாரும் கைதட்டாத வேளையில், வடிகாலைத் தூர் வாருவது தர்மம். முன்னதற்கு ஓர் இரவு போதும். பின்னதற்கு ஆண்டு முழுவதும் வேண்டும்.

2017 ஆகஸ்ட் 29 அன்று மும்பை மீண்டும் பெருமழையில் சிக்கியது. தேங்கிய நீர் வடிவதற்காகத் திறக்கப்பட்டிருந்த பாதாளச் சாக்கடைத் துளையொன்று நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியவில்லை. வீடு திரும்பிக்கொண்டிருந்த மருத்துவர் ஒருவர் அதில் விழுந்து உயிரிழந்தார். நீர் வடிய வேண்டும் என்ற எண்ணத்தில் குறையில்லை. எச்சரிக்கைக் கம்பு ஒன்று நட்டிருந்தால் ஓர் உயிர் நின்றிருக்கும். விவேகம் துணை நில்லாத நல்லெண்ணம் தீங்காகவும் முடியும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

2005-க்குப் பிறகு மித்தி ஆற்றுக்கெனத் தனி ஆணையம் அமைந்தது. நீரேற்று நிலையங்கள் கட்டப்பட்டன. அவை தேவையானவையே. ஆனால் ஆற்றில் குப்பையை எறியும் கையை எந்த ஆணையமும் இரவும் பகலும் காவல் காக்க இயலாது. அந்தக் காவல் மனிதனின் உள்ளே அமர வேண்டும்.

உணவு மழையைச் சார்ந்தது, மழை வேள்வியைச் சார்ந்தது, வேள்வி செயலைச் சார்ந்தது என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் ஒரு சக்கரத்தைக் காட்டுகிறது. பெறுவதை மட்டும் அறிந்து, திருப்பித் தருவதை அறியாதவன் அச்சக்கரத்தை உடைக்கிறான். இன்றைய நகரவாசிக்கு நெய்யும் சமித்தும் தேடிச் செய்ய வேண்டிய வேள்வி மட்டும் போதாது. நீருக்கு அதன் வழியை விட்டுக்கொடுப்பதும், நுகர்வைக் குறைப்பதும், தாழ்ந்த நிலத்தில் வாழ்பவனைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதும் அவன் செய்ய வேண்டிய வேள்விகள்.

மாட்டுங்காவின் மாடி வீட்டில் இருப்பவருக்கும், செம்பூரின் குன்றடியில் இருப்பவருக்கும், தாராவியின் சந்தில் இருப்பவருக்கும் மேலே இருப்பது ஒரே வானம். ஜூலை 26 இரவில் அந்த ஒருமையை மும்பை உணர்ந்தது. வானம் தெளிந்திருக்கும் நாட்களிலும் அதை மறவாதிருப்பதே சாதனை.