பழியும் சான்றும்: உரிமைப் பூசலுக்குரிய நிலத்தில் அரசு சாட்டும் குற்றம் பற்றிய ஓர் அறநோக்கு

முன்னுரை

இரு நாடுகள் உரிமை கொண்டாடும் நிலப்பகுதியில் இருப்புப்பாதை ஒன்று தகர்க்கப்படுகிறது. அல்லது எல்லைக் காவல்நிலை ஒன்றின்மீது குண்டு விழுகிறது. அண்டை நாடே இந்த நாசவேலையைச் செய்தது என்று ஓர் அரசு அறிவிக்கிறது. அறிவிப்பைக் கேட்போர் பெரும்பாலும் அது மெய்யா பொய்யா என்று மட்டுமே வினவுவர். அறநோக்கில் இவ்வினா இன்றியமையாதது. எனினும் இது மட்டும் போதாது. குற்றம் சாட்டும் அரசுக்கு அச்சாட்டினாலேயே தோன்றும் கடமைகள் யாவை? பிறரால் ஏமாற்றப்பட்டுப் பழிசுமத்திய அரசு பொறுப்பிலிருந்து விடுபடுமா? மறைவாகச் செய்யப்படும் தீங்கிற்கு வெளிப்படையான சான்று கேட்பது முறையாகுமா? இம்மூன்று வினாக்களையும் 1931ஆம் ஆண்டின் மஞ்சூரிய நிகழ்வை முதன்மைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சிலப்பதிகாரமும் திருக்குறளும் இவ்வாய்வுக்குரிய அறவியல் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன.

மஞ்சூரிய நிகழ்வு

ரஷ்ய–ஜப்பானியப் போரின் முடிவில் 1905இல் ஏற்பட்ட போர்ட்ஸ்மத் உடன்படிக்கையின் வழியாகத் தென்மஞ்சூரிய இருப்புப்பாதை ஜப்பான் வசமாயிற்று. நிலம் சீனத்தினுடையது, பாதையும் அதனையொட்டிய பகுதியும் ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டவை, அவற்றைக் காத்து நின்றது ஜப்பானின் குவாண்டுங் படை. ஒரே நிலத்தில் இவ்வாறு இரு அதிகாரங்கள் நிலவியமையால் உரிமையின் எல்லை எது என்பது ஓயாத பூசலாயிற்று.

1931 செப்டம்பர் 18ஆம் நாள் இரவு 10 மணிக்குப் பின்னர், முக்டன் நகருக்கு அருகில், சீனப் படைமுகாம் ஒன்றிற்குச் சற்றுத் தொலைவில், இப்பாதையில் வெடி வெடித்தது. தண்டவாளத்தில் ஏற்பட்ட இடைவெளி ஏறத்தாழ 31 அங்குலம் எனக் கூறப்பட்டது. வெடிப்பிற்குச் சிறிது நேரத்திற்குப் பின் அவ்வழியே வந்த தொடர்வண்டி தடையின்றிக் கடந்து உரிய நேரத்தில் முக்டனை அடைந்தது. ஆயினும் சீனப் படையினரே பாதையைத் தகர்த்தனர் என்று குற்றம் சாட்டிய குவாண்டுங் படை, மறுநாளே முக்டன் நகரைக் கைப்பற்றியது. ஐந்து திங்களுக்குள் மஞ்சூரியாவின் பெரும்பகுதி அதன் வசமாயிற்று. 1932 மார்ச் 1இல் மஞ்சுகுவோ என்னும் பெயரில் புதிய அரசு ஒன்று அறிவிக்கப்பட்டது.

வெடியை வைத்தவர்கள் குவாண்டுங் படையினரே என்பதும், இதாகாகி, இஷிவாரா ஆகிய அதிகாரிகள் இதனைத் திட்டமிட்டனர் என்பதும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தெளிவாயின. பழி சாட்டியவரே பழிக்குரியவர் என்னும் இந்நிலை தமிழ் மரபு நன்கறிந்ததாகும். கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் எனக் காட்டினான்.

சாட்டுதலும் சோதனைக்கு உட்படுத்தலும்

தனிமனிதர் ஒருவர் மற்றொருவர்மீது குற்றம் சாட்டும்போது, வழக்காடுபவர், சான்றளிப்பவர், தீர்ப்பு வழங்குபவர், தண்டிப்பவர் ஆகியோர் வெவ்வேறாக நிற்கின்றனர். அண்டை நாட்டின்மீது குற்றம் சாட்டும் அரசிடத்து இந்நால்வரும் ஒருவராகிவிடுகின்றனர். ஆகவே அரசின் குற்றச்சாட்டு வெறும் கூற்றாக நிற்பதில்லை. படை நகர்வதற்கான ஆணையாகவே அது தொழிற்படுகிறது. கூற்றுக்கும் செயலுக்கும் இடையில் பிறர் சோதித்தறிவதற்கு இடமளிப்பதே சாட்டுவோரின் முதற்கடமை எனலாம்.

இக்கடமை மீறப்படுவதை முக்டனில் தெளிவாகக் காணமுடிகிறது. தகர்க்கப்பட்டதாகக் கூறப்பட்ட இடத்தைச் செப்பனிட இருப்புப்பாதை நிறுவனம் தன் பணியாளர்களை அனுப்பியபோது படையினர் அவர்களை அவ்விடத்தை நெருங்க விடவில்லை. பாதைக்கு உரிய நிறுவனமே பாதையைப் பார்க்க இயலவில்லை. மெய்யாகவே தீங்குற்றவர் தம் புண்ணைப் பிறர் காண வேண்டுமென்று விழைவர். மறைக்க முற்படுவது ஐயத்திற்கு இடந்தருகிறது.

1939 நவம்பர் 26இல் பின்லாந்து எல்லையை ஒட்டிய மைனிலா என்னும் ஊரின்மீது பீரங்கிக் குண்டுகள் வீழ்ந்தன. எல்லையைத் தள்ளி வைக்குமாறு பின்லாந்திடம் சோவியத் ஒன்றியம் வலியுறுத்திவந்த காலம் அது. பின்லாந்தே சுட்டது என்று சோவியத் அரசு குற்றம் சாட்டியது. இருதரப்பு எல்லை ஆணையரும் இணைந்து ஆராயலாம் என்று பின்லாந்து முன்மொழிந்தது. அது ஏற்கப்படவில்லை, நவம்பர் 30இல் போர் தொடங்கியது. அக்குண்டுவீச்சு சோவியத் தரப்பாலேயே நடத்தப்பட்டது என்பது வரலாற்றறிஞர் பெரும்பாலோரின் முடிபு. இம்முடிபு பின்னர் அறியப்பட்டதே. ஆனால் கூட்டாய்வை மறுத்தமை அந்நாளிலேயே யாவரும் காணக் கிடந்தது. குற்றச்சாட்டின் உண்மை தெரியாத நிலையிலும் சாட்டுவோரின் நேர்மையை அளக்க முடியும் என்பதற்கு இந்நிகழ்வு தக்க சான்றாகும்.

ஏமாற்றப்பட்ட அரசின் பொறுப்பு

முக்டன் நிகழ்வில் மற்றொரு கூறு ஆழ்ந்து நோக்கத்தக்கது. டோக்கியோவில் இருந்த வக்கட்சுகி அமைச்சரவை இச்சதியை அறியவில்லை. பூசலை விரிவாக்குவதில்லை என்றே அது முதலில் முடிவு செய்தது. எனின், தன் படையினரால் ஏமாற்றப்பட்ட அரசைக் குற்றமற்றது எனக் கொள்ளலாமா?

பாண்டியன் நெடுஞ்செழியனும் ஏமாற்றப்பட்டவனே. அவன் பொய்யுரைக்கவில்லை, பொய்யை ஆராயாது ஏற்றான். இளங்கோவடிகள் அவனைத் தண்டனைக்கு உரியவனாகக் காட்டுவது இவ்வாராயாமை கருதியே. எனினும் கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்தபோது அவன் அவளை உள்ளே வர விடுத்தான். தன் கையிலிருந்த சிலம்பை அவள்முன் வைத்தான். மாணிக்கப் பரலைக் கண்டதும் தன் பிழையைத் தானே அறிவித்து உயிர்நீத்தான். பிழை செய்த அரசன் பெருமை பெறுவது இவ்விடத்தில்தான்.

ஜப்பானிய அரசோ வேறு வழியில் சென்றது. இது படையினரின் திட்டமிட்ட செயலாகத் தோன்றுகிறது என்று முக்டனிலிருந்த அதன் துணைத்தூதரே உடனடியாக வெளியுறவு அமைச்சருக்குத் தந்தியனுப்பினார். இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1928 ஜூன் 4இல், மஞ்சூரியத் தலைவர் சாங் சோலின் சென்ற வண்டியைக் குவாண்டுங் படை அதிகாரி ஒருவர் வெடிவைத்துத் தகர்த்துப் பழியைச் சீனர்மீது சுமத்தியதும், அவருக்குக் கடுந்தண்டனை ஏதும் கிட்டாததும் அரசு அறிந்தவையே. ஐயுறுவதற்குப் போதிய காரணம் இருந்தும் உலக நாடுகள் சங்கத்தில் அவ்வரசு படையின் கூற்றையே மீண்டும் மீண்டும் உரைத்தது. ஏமாற்றப்படுதல் தொடக்கத்தில் ஒருவாறு பொறுக்கத்தக்கது. ஐயம் எழுந்த பின்னும் ஆராய மறுப்பது, பொய்யைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்வதாகும்.

மறைவினையும் சான்றின் அளவும்

இதற்கு வலிய மறுப்பொன்று உண்டு. நாசவேலை மறைவாகவே நிகழ்வது. செய்தவர் தடயத்தை அழிப்பர். சான்றுகள் அவர்தம் நாட்டு எல்லைக்குள் கிடக்கும். முழுச்சான்று கிடைக்கும்வரை வாய்திறவாதிரு என்று தீங்குற்ற அரசிடம் கூறுவது மறைவாகத் தாக்குவோருக்கே துணைபோவதாகாதா? இம்மறுப்பை எளிதில் தள்ள இயலாது.

கோர்பு நீரிணை வழக்கு இங்கு வழிகாட்டுகிறது. 1946 அக்டோபர் 22இல் அல்பேனியக் கரையை ஒட்டிய நீர்வழியில் இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் கண்ணிவெடியில் சிக்கின. 44 பேர் மாண்டனர். 1949 ஏப்ரல் 9இல் பன்னாட்டு நீதிமன்றம், சான்றுகள் எதிர்த்தரப்பின் ஆட்சிப்பகுதிக்குள் அடங்கியிருக்கும்போது சூழ்நிலைச் சான்றுகளின் வழி முடிவுக்கு வருவதற்குக் கூடுதல் இடமளிக்கலாம் என ஏற்றது, அல்பேனியாவைப் பொறுப்பாக்கியது. கண்ணிகளை வைத்தவர் யார் என்பது உறுதிப்படவில்லை. அல்பேனியா அறியாமல் அவை வைக்கப்பட்டிருக்க இயலாது என்பதே முடிபு. அதே தீர்ப்பில், சான்று திரட்டும் பொருட்டு அல்பேனியக் கடற்பகுதியில் பிரித்தானியக் கடற்படை தானே இறங்கிக் கண்ணிகளை அகற்றியது அந்நாட்டின் இறையாண்மையை மீறிய செயல் எனவும் அறிவிக்கப்பட்டது. சான்றின் அளவைத் தளர்த்தலாம். தீர்ப்பைத் தானே எடுத்துக்கொள்ளலாகாது என்பது இதனால் பெறப்படும்.

மறைபொருளை ஆராயும் முறையைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமும் கூறுகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதித்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்று ஒத்தவழியே தெளிதல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. மறைவாகக் காக்கவேண்டிய செய்தியையும் சோதனைக்கு உட்படுத்த முடியும் என்பதே இதன் உட்பொருள்.

நீதியை வேண்டுவோரும் இவ்வளவுகோலுக்கு அப்பாற்பட்டவரல்லர். மஞ்சூரியாவிற்கு உலக நாடுகள் சங்கம் அனுப்பிய ஐவர் குழுவின் தலைவர் லிட்டன் பிரபு, 1922 முதல் 1927 வரை வங்காள ஆளுநராக இருந்தவர். ஐயத்தின் பேரில் விசாரணையின்றிச் சிறைவைக்க இடந்தந்த 1924ஆம் ஆண்டின் வங்காள அவசரச் சட்டம் அவர் காலத்ததே. சுபாஷ் சந்திர போஸ் மண்டலேயில் அடைக்கப்பட்டது அம்முறையிலேயே. வங்காளத்தில் சான்றின்றிச் சிறைவைத்த ஆட்சியின் தலைவர், மஞ்சூரியாவில் சான்று வேண்டினார். இம்முரண் அவரது அறிக்கையைப் பொய்யாக்காது. அளவுகோல் ஆள்வோரின் வசதிக்கேற்ப மாறும் இயல்பை உணர்த்துகிறது.

நிலத்து மக்கள்

1932 அக்டோபரில் வெளியான அவ்வறிக்கை, ஜப்பானியப் படை நடவடிக்கையை முறையான தற்காப்பாகக் கொள்ள இயலாது என்றது. அக்குழுவிற்கு 1,500க்கும் மேற்பட்ட சீனமொழிக் கடிதங்கள் வந்தன. உழவரும் சிறுவணிகரும் மாணவரும் எழுதிய அவற்றுள் இரண்டு நீங்கலாக அனைத்தும் புதிய ஆட்சியைக் கடுமையாக எதிர்த்தன. உரிமைப் பூசலுக்குரிய நிலத்தில் சாட்டுவோரும் சாட்டப்படுவோரும் அரசுகள். அதன் விளைவைச் சுமப்போர் அங்கு வாழ்வோர். அவர்தம் சொல்லைக் கேட்பதற்கு ஏழு திங்கள் கழிந்து ஒரு குழு வரவேண்டியிருந்தது. அதற்குள் அவர்கள்மீது ஓர் அரசு நிறுவப்பட்டுவிட்டது.

முடிவுரை

1933 பிப்ரவரி 24இல் உலக நாடுகள் சங்கத்தின் பேரவை அறிக்கையை 42 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்தது ஜப்பான் மட்டுமே. ஜப்பானியப் பேராளர்கள் அவையை விட்டு வெளியேறினர். ஆயினும் மஞ்சூரியா 1945 வரை மீளவில்லை. எனவே பின்னர் வெளிப்படும் உண்மை, முன்னர் நிகழ்ந்த தீங்கை ஈடுசெய்யாது. கண்ணகி தன் கணவன் கள்வனல்லன் என நிறுவினாள்; கோவலன் மீளவில்லை.

குற்றம் சாட்டும் உரிமை அரசுக்கு உண்டு. சாட்டியதைப் பிறர் சோதிக்க விடுதல், ஐயம் எழுந்தவழி தன் தரப்பையும் ஆராய்தல், மீட்க இயலாத செயலைச் சோதனைக்கு முன் செய்யாதிருத்தல் ஆகிய மூன்றும் அவ்வுரிமையோடு பிறக்கும் கடமைகளாகும். இவற்றைத் துறந்து சாட்டும் அரசின் கூற்று ஒருவேளை மெய்யாகவே அமைந்தாலும், அது முறை செய்ததாகாது. தேராது ஒறுத்தவன் சரியானவனையே ஒறுத்தான் என்பது தற்செயலே ஆகும்.