பாவமும் குற்றமும்

பக்கத்து ஊரிலிருந்து வரும் ஒரு மாணவி, தரம் பத்து, ஒரு மாதமாகப் பாடசாலைக்கு வரவில்லை. தேடிப் போனேன். திண்ணையில் இருந்து கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள். "உம்மா மௌத்தாகிட்டா சேர். இனி இவனுகளப் பாக்க ஆளில்ல" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மீதியை அயல்வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். ஐந்தாவது பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகுமுன்பே ஆறாவது தரித்துவிட்டது. வாப்பா கடல் தொழில். தலைக்கு மேலே கடன். யாரோ ஒருத்தி கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கியிருக்கிறாள். இரத்தப்போக்கும் காய்ச்சலும் கண்டபோது, வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸ் வரும் என்ற பயத்தில் மூன்று நாள் வீட்டிலேயே கிடந்திருக்கிறாள். நான்காம் நாள் கொண்டு போனார்கள். காலம் கடந்துவிட்டது.

அன்று அஸர் தொழுதுவிட்டு வெளியே வருகையில் இந்தப் பேச்சு எழுந்தது. "பாவம் செய்தாள், போய்ச் சேர்ந்தாள்" என்றார் ஒருவர். யாரும் மறுக்கவில்லை. நானும்தான். அந்த மௌனம் இன்றுவரை உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கருவைக் கலைப்பது பாவமா என்பது ஒன்று. அதற்காகச் சட்டமும் அரசாங்கமும் என்ன செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. இரண்டாவது குடிமக்களுக்கும் அரசுக்கும் இடையிலானது. முதலாவதற்கு விடை கண்டுவிட்டால் இரண்டாவதும் தானாகத் தீர்ந்துவிடும் என நினைப்பதே நமது தவறு.

முதற் கேள்வியிலேயே நமது இமாம்கள் ஒரே சொல்லில் முடித்துவிடவில்லை. கருவில் மூன்று நாற்பது நாட்களின் பின்னர் ரூஹ் ஊதப்படுவதாக இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அந்த 120 நாட்களின் பின்னர் கலைப்பது ஹராம் என்பதிலும், தாயின் உயிருக்கு ஆபத்து நேர்கையில் அவளுயிரே முந்தியது என்பதிலும் அறிஞர்கள் பெரிதும் ஒன்றுபடுகிறார்கள். அதற்கு முந்திய காலத்தைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. ஆரம்ப நிலையிலேயே அது குற்றம், கரு வளர வளரக் குற்றமும் வளர்கிறது என்பது இமாம் கஸ்ஸாலியின் நிலைப்பாடு. தக்க காரணம் இருந்தால் அனுமதித்தோர் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளிலும் இருந்திருக்கிறார்கள். 1990 இல் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் பேரவை, சிசுவுக்குத் தீர்க்க முடியாத கடும் குறைபாடு உண்டென நம்பகமான வைத்தியர் குழு உறுதிசெய்தால், பெற்றோரின் விருப்பத்துடன் 120 நாட்களுக்கு முன் கலைக்கலாம் எனத் தீர்மானித்தது.

நமது நாட்டின் சட்டமோ இத்தனை நுணுக்கம் அறியாதது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, தாயின் உயிரைக் காக்கும் நோக்கம் தவிர்ந்த எல்லாக் கருக்கலைப்பையும் குற்றமாக்குகிறது. மூன்று வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தானே செய்துகொள்ளும் பெண்ணும் இதில் அடங்குவாள். அசைவுக்கு முன், அசைவுக்குப் பின் என்று அந்தச் சட்டமே ஒரு கோடு கிழித்திருப்பது கவனிக்கத்தக்கது. நமது பிக்ஹின் கோட்டுக்கு அது வெகு தூரமுமில்லை. ஆயினும் கோட்டுக்கு இப்பால் பிக்ஹ் திறந்து வைத்த வாசலைச் சட்டம் அடைத்தே வைத்திருக்கிறது. வல்லுறவுக்குள்ளான சிறுமிக்குக்கூட வழியில்லை.

இதை எழுதியவர்கள் மௌலவிமார் அல்லர், ஆங்கிலேயர். அவர்கள் தமது நாட்டில் 1967 இல் சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். இதே மூலத்திலிருந்து வந்த சட்டத்தை வைத்திருந்த இந்தியா 1971 இல் தனிச்சட்டம் இயற்றியது. பெரும்பான்மை முஸ்லிம்கள் வாழும் பங்களாதேஷில் அதே பழைய தண்டனைச் சட்டம் இன்னும் உண்டு. எனினும் 1971 யுத்தத்தில் வல்லுறவுக்குள்ளான பெண்களுக்காக அந்நாடு வாசலைத் திறந்தது. 1979 முதல் 'மாதவிடாய் ஒழுங்குபடுத்தல்' என்ற பெயரில் ஆரம்ப வாரங்களுக்கான சேவையை அரச குடும்பத் திட்டமிடலுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அங்குள்ளவர்களும் நம்மைப் போலத் தொழுகிறவர்கள்தாம்.

இங்கே 1995 இல் ஒரு முயற்சி நடந்தது. வல்லுறவு, முறைதகா உறவு, சிசுவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்களிக்கும் பிரிவு பாராளுமன்றத்தில் எதிர்ப்புக் கண்டு கைவிடப்பட்டது. வல்லுறவுக்கான தண்டனையைக் கூட்டிய அதே திருத்தம், வல்லுறவால் கருவுற்றவளை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. நீதியரசர் அலுவிஹாரே தலைமையிலான குழுவின் சிபாரிசுகளை அடுத்து 2017 இல் மீண்டும் பேச்சு எழுந்தது. சமயத் தலைவர்களின் எதிர்ப்போடு அதுவும் அடங்கியது.

நமது பிரதேசத்தில் இதைப் பேசுவதற்கு வேறொரு தடையும் உண்டு. கருப்பை இங்கே அரசியலாகிவிட்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் 'மலட்டு மாத்திரை' கலந்ததாகக் கதை கட்டிக் கடையையும் பள்ளியையும் தாக்கினார்கள். கலந்திருந்தது மாவு என்று பின்னர் அரச பகுப்பாய்வாளர் கூறினார். 2019 இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது கருத்தடைப் பழி சுமத்தப்பட்டது. இவற்றைக் கண்ட சமூகம், குடும்பத் திட்டமிடல் என்ற சொல்லைக் கேட்டாலே தன் எண்ணிக்கையைக் குறைக்க வருகிறார்கள் என்று அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த அச்சத்தின் விலையைச் செலுத்துவது மேடையில் பேசுகிறவர்கள் அல்லர். திண்ணையில் பால்மா கரைக்கும் பிள்ளைகள்.

அரசின் பொறுப்பு எது? கருவைக் கலைக்காதே என்று சொல்லும் அரசு, வேண்டாத கரு தரிக்காமலிருக்க வழி செய்யவும் கடமைப்பட்டது. இலங்கை இதில் பெருமைப்படத்தக்க நாடு. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாக வரும் மருத்துவ மாதரும், இலவச வைத்தியமும், ஒரு காலத்தில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்த தாய்மார் மரணத்தை இன்று சில பத்துகளுக்கு இறக்கியுள்ளன. இறக்குவதற்கு எஞ்சியுள்ளவற்றுள், கள்ளத்தனமான கருக்கலைப்பால் வரும் மரணங்கள் முக்கியமானவை. 2022 நெருக்கடியில் கருத்தடைச் சாதனங்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. பணமுள்ளவள் தனியார் டொக்டரிடம் போனாள்; இல்லாதவள் யாரிடம் போவாள்?

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லலாகாது என்று குர்ஆன் (17:31) தடுக்கிறது. அந்த வசனத்தை ஏழைப் பெண்ணுக்கு ஓதிக் காட்டுவோர், அவளது அடுப்பைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும். நபித்தோழர்கள் 'அஸ்ல்' செய்ததாக வரும் ஹதீஸையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். முன்கூட்டித் தடுத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டென்று அவள் அறிந்திருப்பாள். கலைப்பது நல்ல காரியம் என்று நான் வாதிடவில்லை. அது பாரதூரமானது என்றே நம்புகிறேன். ஆனால் தௌபாவின் வாசல் திறந்திருக்கும் ஒரு பாவத்துக்கு, வைத்தியசாலையின் வாசலை அச்சத்தால் அடைப்பது நீதியாகாது.

குற்றம் பிறரிடம் மட்டுமில்லை. சுகாதாரப் பாடப் புத்தகத்தில் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வரும்போதெல்லாம், "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஆசிரியர் கலாசாலையில் எல்லாப் பாடத்துக்கும் கற்பித்தல் முறை படித்தோம்; வெட்கத்தைக் கடப்பதற்கு மட்டும் முறை படிக்கவில்லை.

கடந்த தவணையில் அந்த அத்தியாயத்தை நானே எடுத்தேன். பிள்ளைகள் தலை நிமிரவில்லை. மணி அடித்துப் பையன்கள் போன பின்பு, கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து கேட்டாள்: "அப்படி வருத்தம் வந்து ஆசுபத்திரிக்குப் போனா, பொலிஸில புடிப்பாங்களா சேர்?"

"வருத்தமென்றால் முதலில் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும் மகள். உயிர்தான் முந்தியது" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அவள் நம்பும்படியான பதிலைச் சொல்ல வேண்டியவர்களில் நான் கடைசி ஆள். சட்டம் இயற்றுவோரும், மிம்பரில் நிற்போரும் எனக்கு முன்னால் நிற்கிறார்கள்.