காட்ட மாட்டேன் என்பதும் இல்லை என்பதும்

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 'சி' பின்னிணைப்பில் ஐந்தாம் எண் படிவம் என்று ஒன்று இருக்கிறது. ஆவணங்களைப் பற்றிய பிரமாணப் பத்திரம். சட்டம் 1908-ஆம் வருஷத்தது. பதினோராம் கட்டளையின் கீழ் எதிர்த்தரப்பு மனுப் போட்டு, கோர்ட் உத்தரவிட்டால் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். செங்கல்பட்டில் எங்கள் ஆபீஸில் அதை எடுப்பதே அபூர்வம். ஆனாலும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வக்காலத்து எழுதவும் நகல் மனுப் போடவும் கற்றுக்கொடுத்த கையோடு நான் படிக்கச் சொல்வது அதைத்தான். நான் திருக்கழுக்குன்றத்துக்காரன், வக்கீல் குமாஸ்தா. கோயிலுக்குப் போகிற நேரத்தைவிடக் கேஸ் கட்டுகளோடு இருந்த நேரம்தான் அதிகம்.

அந்தப் படிவத்தைச் சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள். என் கைவசம் உள்ள காகிதங்களையெல்லாம் முதல் அட்டவணையில் எழுத வேண்டும். அதிலேயே இரண்டு பகுதி. காட்டத் தடையில்லாதவை முதல் பகுதியில் வரும். காட்ட மறுப்பவை அடுத்த பகுதியில் வரும், மறுப்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் என்னிடம் இருந்து இப்போது இல்லாதவற்றுக்கு இரண்டாம் அட்டவணை. அவை கடைசியாக எப்போது என்னிடம் இருந்தன, என்ன ஆயின, இப்போது யார் கையில் என்றும் எழுத வேண்டும். இவை தவிர என்னிடமோ என் வக்கீலிடமோ எனக்காக வேறு யாரிடமோ எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை என்று முடிவில் சத்தியம். வெள்ளைக்காரன் எழுதிய படிவம்தான். சாமி முன்னால் நின்று மனசைத் திறக்கிறவனும் இதற்குமேல் என்ன சொல்லிவிடப் போகிறான்?

புதிதாகச் சேர்ந்த பெண், பி.காம். முடித்தவள், படித்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, நம்ம கட்சிக்காரருக்கு எதிரா இருக்கிற பேப்பரையும் நாமளே எழுதிக் கொடுக்கணுமா? அவர்கிட்ட ஃபீஸ் வாங்கிட்டு அப்படிச் செய்யறது துரோகம் இல்லையா?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு ஒன்று அப்போது எங்களிடம் வந்திருந்தது. மாமல்லபுரம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலம். சவுக்குத் தோப்பாகக் கிடந்தவரை யாரும் சண்டை போடவில்லை, சாலை அகலமானதும் ரத்த பந்தம் குறுகிவிட்டது. அண்ணன் கொண்டுவந்த மஞ்சள் பையில் பட்டா, சிட்டா, மூலப் பத்திரம் எல்லாம் இருந்தன. அடியில் பதிவு செய்யாத ஒரு தாளும் இருந்தது. தம்பிக்கும் அதில் பாதி உண்டு என்று இவரே கைப்பட எழுதி ஒப்புக்கொண்டது. "இது லிஸ்ட்ல வேணாம். யாராவது கேட்டாத்தானே?" என்றார். பதிவான பத்திரம் என்றால் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். இப்படிப்பட்ட தாள் வராது. ஆசை வந்து உட்காருவது இங்கேதான்.

அவர் படித்தவர், திருக்குறளையும் இழுத்தார். யாருக்கும் தீங்கு தராத சொல்தானே வாய்மை என்று வள்ளுவர் சொல்கிறார், இந்தத் தாள் வெளியே வந்தால் என் பிள்ளைகளுக்குத் தீங்கு என்றார். வள்ளுவரை இப்படி வசதிக்கு வளைக்கிறவர்களைக் கோர்ட் வராந்தாவில் நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பியின் பிள்ளைகளுக்கு வரும் தீங்கு அவர் கணக்கில் சேரவே இல்லை.

துரோகம் என்று அவள் கேட்டதை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதைக் காப்பது எங்கள் தொழிலின் உயிர். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் வக்கீலின் வாயைக் கட்டியதோடு நிற்காமல், 127-ஆம் பிரிவில் குமாஸ்தாவின் வாயையும் கட்டியது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன சொல் வேறு, வழக்குக்கு வெகுநாள் முன்னால் எழுதிய தாள் வேறு. எங்கள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதால் மட்டும் அந்தத் தாள் ரகசியமாகிவிடாது.

"ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நகல் எடுத்தா அவங்களே தெரிஞ்சுக்கலாமே, நாம ஏன் சொல்லணும்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அதற்குச் செங்கல்வராய நாயுடு எதிர் ஜகந்நாத் வழக்கைச் சொல்வேன். ஜகந்நாத் ஒரு சவுக்காரிடம் குமாஸ்தா, என் ஜாதிதான். முதலாளிக்காகக் கோர்ட் ஏலத்தில் சொத்தை எடுத்தார். 1945-இல் தனக்கு உரிமை இல்லை என்று முதலாளிக்கு விடுதலைப் பத்திரமும் எழுதிக் கொடுத்தார். பிறகு அதைச் சொல்லாமல் தன் பேரிலேயே பாகம் கேட்டு வழக்குப் போட்டு ஆரம்பத் தீர்ப்பும் வாங்கிவிட்டார். உண்மையான வழக்கோடுதான் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்ற கடமை வாதிக்கு இல்லை, பதிவான பத்திரத்தின் நகலைப் பிரதிவாதிகளே எடுத்திருக்கலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1993-இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. முக்கியமான ஆவணத்தை மறைத்து லாபம் பார்ப்பது எதிராளியை மட்டுமல்ல, கோர்ட்டையே ஏமாற்றுவது. அப்படி வாங்கிய தீர்ப்பு செல்லாது.

இந்த விஷயத்தில் நான் கடைசியாகப் போய் நிற்பது திருவெண்ணெய்நல்லூர் வழக்கில். அதை எழுதிய சேக்கிழார் எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர், குன்றத்தூர். சோழ ராஜாவுக்கு மந்திரியாக இருந்தவர். ஓலை எப்படி நடக்கும் என்பது தெரிந்த கை. புத்தூரில் சுந்தரரின் கல்யாணப் பந்தலில் சிவனே ஒரு கிழவராக வந்து, உன் பாட்டன் எழுதிக் கொடுத்தபடி நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அனுபோகம், ஆவணம், சாட்சி, இதில் ஏதாவது ஒன்றால் நிரூபி என்கிறது சபை. கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர்.

அடுத்து வருவதைத்தான் அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். மூல ஓலையை அவர் உடனே நீட்டிவிடவில்லை. இவன் மறுபடி பிடுங்காமல் பார்த்துக்கொள்வீர்களானால் காட்டுகிறேன் என்று சபையிடம் உறுதி கேட்டார். இறைவனே ஆனாலும் எதிராளி கையில் மூலத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. சபையின் கணக்கனான கரணத்தான் வாங்கிப் படித்தான். காப்பில் இருந்த பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். சுந்தரர் தோற்றார். எதிர்த்தரப்பு பார்வையிட வந்தால் நாங்களும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டுதான் மூலப் பத்திரத்தைக் காட்டுகிறோம்.

காட்ட மாட்டேன் என்று சபையில் சொல்லிக் காரணம் காட்டுவது தர்மத்துக்கு உட்பட்டது. முதல் அட்டவணையின் இரண்டாம் பகுதி அதற்காகவே இருக்கிறது. காரணம் சரியா என்று நீதிபதி பார்த்துக்கொள்வார். இருப்பதை இல்லை என்பது நீதிபதி தீர்மானிக்க வேண்டியதைக் குமாஸ்தா தீர்மானிப்பது. அந்த அதிகாரம் எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஊரார் கூடி நிலத்தைப் பங்கு வைத்துக்கொண்டதைச் சொல்கிறது. கல்லில் வெட்டியதைப் பைக்கு அடியில் வைக்க முடியாது. காகிதம் வந்தபிறகு அந்த வசதி எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. 2015-இன் வணிக நீதிமன்றச் சட்டம், தனக்குப் பாதகமான ஆவணத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. பாகப்பிரிவினை வழக்குக்கு அது பொருந்தாது. பொருந்த வேண்டும் என்பது என் கட்சி.

மஞ்சள் பைக்காரரிடம் எங்கள் வக்கீல், தாள் பட்டியலில் வரும், இல்லாவிட்டால் கட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஃபீஸ் பாக்கி இன்னும் வரவில்லை.

நீங்கள் வக்கீலைப் பார்க்க வரும்போது உங்களுக்குப் பாதகமான காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதைப் பையின் அடியில் வைக்காமல் மேலேயே வையுங்கள்.