ஆனதோத் நிலமும் இலங்கை ரூபாயும்



2022-ல் தென்காசி ஜெபத்துக்கு வந்த ஒரு சகோதரன் கேட்டார்: "பாஸ்டர் ஐயா, கொழும்புல சம்பாதிச்ச காசை அங்கேயே பேங்க்ல போட்டிருக்கேன். பாதியாப் போச்சு. எடுத்துரவா, பொறுத்திருக்கவா? கர்த்தர் என்ன சொல்றார்?"

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்த வருஷம் மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360. அங்கே 100 ரூபாய் என்றால் நம்ம காசுக்கு 37 கிடைத்தது, 21 ஆகிவிட்டது. ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதையே நிறுத்தியது.

நான் அவருக்கு எரேமியாவைக் காட்டினேன். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்ட வேளையில், கைதியாயிருந்த அவர் ஆனதோத்திலே நிலம் வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். உலகத்தார் பார்வையில் அது சுத்த நஷ்டம்! ஆனால் தேவன் வாக்குக் கொடுத்திருந்தார்.

தேவபிள்ளையே, கவனி! தேவன் நிலத்துக்கு வாக்குக் கொடுத்தார். எந்த நோட்டின் விலைக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. "ரூபாய் ஏறும்" என்று தீர்க்கதரிசனம் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. நான் கேட்டதெல்லாம் இதுதான்: அது கடன் வாங்கிய பணமா? பிள்ளை படிப்புக்கு வேண்டியதா? அப்படியானால் நஷ்டத்தோடே எடுத்துவிடு. இல்லையென்றால் முறுமுறுக்காமல் காத்திரு. ஆனால் விசுவாசம் என்று சொல்லி மேலும் போடாதே.

மே மாதத்தில் குற்றாலப் பாறையை அதட்டினால் அருவி விழுமா? மலைமேல் மழை பெய்யணும். ஆனால் வெள்ளம் வந்து போலீஸ் விசில் ஊதும்போது அருவிக்கடியில் நிற்கிறது பொறுமையல்ல, தேவனைப் பரீட்சை பார்க்கிறது!

மாற்றம் மெல்லத்தான் வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் உதவிக்குச் சம்மதித்தது. 2024 கடைசியில் டாலர் 290-ஐ ஒட்டி இறங்கியது. நம்ம காசுக்கு 100-க்கு 29. பழைய 37 திரும்பவில்லை. பொறுத்தவருக்கும் முழுசும் கிடைக்கவில்லை.

எரேமியாவும் அந்த நிலத்தில் ஏர் ஓட்டியதாக வேதத்தில் இல்லை. ஆனாலும் அவர் வெட்கப்பட்டுப்போகவில்லை. அவர் நம்பிக்கை நிலத்தின்மேல் இல்லை, கர்த்தர்மேல் இருந்தது. உன் நம்பிக்கை எதின்மேல்? காலையில் எழுந்ததும் ரேட்டைப் பார்க்கிறாயா, கர்த்தரின் முகத்தைப் பார்க்கிறாயா?

நஷ்டத்தில் கலங்கி நிற்கிற ஒவ்வொருவருக்கும் கர்த்தர் தெளிந்த புத்தியையும் சமாதானத்தையும் தருவாராக. ஆமென், அல்லேலூயா!