தூரிகை தந்த துணை

துன்பம் சூழ்ந்த காலத்தில் இளையோர் கையில் வண்ணமும் தாளும் தருவது வீண் வேலை என்பாருளர். உயிரைக் காவாத கலை எதற்கு என்பது அவர்தம் வினா. எளிதில் தள்ளத்தக்க வினா அன்று அது.

செக் நாட்டுத் தெரசின் நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்தனர். 1942 டிசம்பரில் அங்கு அனுப்பப்பட்ட ஓவியர் பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ், தம் சிறு மூட்டையில் ஓவியப் பொருள்களையும் கொண்டு சென்றார். பசியும் நோயும் மலிந்த விடுதிகளில் சிறுவர்க்கு ஓவியம் கற்பித்தார். கிடைத்த பழந்தாள்களில் அவரவர் மனப்போக்கில் வரையவிட்டார். ஒவ்வொரு படத்திலும் வரைந்தவர் தம் பெயரை எழுதச் செய்தார். வெறும் எண்ணாக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பெயரைத் திருப்பித் தந்த இச்செயலையே யான் பெரிதாகக் கருதுகிறேன். பூவும் பட்டாம்பூச்சியும் வரைந்தனர்; அடுக்குக் கட்டில்களையும் வரைந்தனர்.

1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அப்பிள்ளைகளுள் மிகப் பலரும் மாண்டனர். இரு பெட்டிகளில் ஒளித்து வைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன.

எனின், பயன் யாது? உயிர் காத்தலை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் விடையில்லை. ஆயின், மறுநாள் நம்முடையதன்று என்றிருந்த பிள்ளைக்கு அன்றைய ஒரு மணிப்பொழுது அதனுடையதாகவே இருந்தது. அதனை அற்பம் என்று கூற எவர்க்கு உரிமை? பிரீடலிடம் பயின்ற ஈடித் கிராமர் 1938இல் அமெரிக்கா சென்று, மனம் நொந்த சிறுவரிடையே ஓவியத்தையே துணையாகக் கொண்டு பல்லாண்டு பணிபுரிந்தார்.