வடிவும் வாய்மையும்

கவிதையைக் கற்பிக்க இயலுமா என்னும் வினா பழமையானது. அதனினும் நுண்ணிய வினா ஒன்று ஆரம்பப் பாடசாலை வகுப்பறையில் எழுகின்றது. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையிடம் முன்னரே வகுக்கப்பட்ட ஒரு வடிவத்தைக் கொடுத்து, ‘இதற்குள் உன் எண்ணத்தை எழுது’ என ஆசிரியர் பணிப்பது அறமாகுமா? அவ்வாறு பிறந்த சொல்லுக்கு உரியவர் ஆசிரியரா, குழந்தையா?

வைரவடிவக் கவிதை இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அமெரிக்கக் கல்வியியலாளரான ஐரிஸ் டீட் 1969இல் இதனை வகுத்தளித்தார். ஏழு வரிகள், அவற்றில் முறையே 1, 2, 3, 4, 3, 2, 1 எனப் பதினாறு சொற்கள். முதல் வரியில் ஒரு பெயர். இறுதி வரியில் அதற்கு எதிரான பெயர். இரண்டாம், ஆறாம் வரிகளில் அடைமொழிகள். மூன்றாம், ஐந்தாம் வரிகளில் வினைகள். நடுவரியின் நான்கு பெயர்களுள் முன்னிரண்டு தொடக்கப் பொருளுக்கும், பின்னிரண்டு முடிவுப் பொருளுக்கும் உரியன. எழுதி முடித்ததும் வரிகள் விரிந்து குறுகி வைரத்தின் உருவைக் காட்டும்.

இத்தகைய கட்டு தமிழுக்குப் புதிதன்று. எண்கள் படிப்படியாக ஏறியும் இறங்கியும் தேர்த்தட்டுக்கள் போல அமையும் எழுகூற்றிருக்கை, சித்திரகவி வகைகளுள் ஒன்று. திருக்கோணமலைக்குப் பதிகம் பாடிய திருஞானசம்பந்தரே சீகாழியைப் போற்றி எழுகூற்றிருக்கையும் பாடினார். அவர் மூன்று வயதிலேயே பாடத் தொடங்கியவர் என்பது மரபு. கட்டுப்பாடும் இளமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இம்மரபே சான்று.

எனினும், வடிவம் குழந்தையின் இயல்பான பேச்சை நெரிக்கும் அச்சு என்பார் உளர். அவர் கூற்றில் ஓரளவே உண்மை உண்டு. தாய்மொழியும் அதன் இலக்கணமும்கூடக் குழந்தை தானே தெரிந்தெடுத்தவை அல்ல. ஆயினும் அவற்றினூடாகவே அது தன்னை வெளிப்படுத்துகின்றது. ஆகவே வடிவம் கொடுக்கப்படுவது குற்றமன்று. அதனுள் எவருடைய சொல் அமர்கின்றது என்பதே வினா.

திருகோணமலை நகருக்கு வடக்கே, முத்துமாரி அம்மன் கோயிலால் பெயர்பெற்ற கடலோரக் கிராமம் சல்லி. அங்குள்ள குழந்தையொன்று ‘கடல்’, ‘கரை’ என்னும் இரு பெயர்களைத் தெரிந்து எழுத முற்படுகின்றது எனக் கொள்க. முதலில் தாளை இரண்டாகப் பிரித்துச் சொற்களைத் தொகுக்கின்றது. கடலின் பக்கம் அலை, மீன், வாடைக்காற்று; கரையின் பக்கம் மணல், வலை, வாடி. தோணியை எப்பக்கம் இடுவது? அது கடலில் ஓடுகின்றது, கரையில் ஓய்கின்றது. நடுவரியிலோ நான்கு சொற்களுக்கே இடம். எதை வைப்பது, எதை விடுவது எனக் குழந்தை தயங்கும் அக்கணத்தில் சிந்தனை பிறக்கின்றது. திட்டமிடுதலும் வரைவெழுதுதலும் கற்பிக்கப்படுவதன் பயன் இதுவே.

இடர் இரண்டாம் வரியில் வருகின்றது. ஆசிரியர் எதிர்பார்ப்பது ‘நீல’, ‘அழகிய’ என்னும் அடைமொழிகள். குழந்தை ‘பசித்த’ என எழுதுகின்றது. கொந்தளிக்கும் கடலுக்குச் சென்றோரை எதிர்பார்த்துக் கரையில் நிற்கும் இல்லத்தில் அது வளர்கின்றது. 2004 டிசம்பர் 26இல் அக்கரையோரத்தில் எழுந்த பேரலையின் கதையை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றது. ‘பசித்த’ என்பதை அழித்து ‘அழகிய’ என மாற்றினாலும் சொற்கணக்குத் தவறாது, இலக்கணமும் பிழையாகாது. வகுப்பறைச் சுவரும் அழகுறும். ஆனால் அறிந்ததை எழுதலாகாது, விரும்பப்படுவதையே எழுதவேண்டும் என்னும் பாடத்தை அக்குழந்தை கற்றுவிடுகின்றது. பொய்மைக்கு இதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை. மாறாக, ‘ஏன் பசித்த கடல்?’ என ஆசிரியர் வினவி, அச்சொல்லை வைத்துக்கொள்ளவோ நீக்கவோ குழந்தைக்கே உரிமை தருவாராயின், வரைவு என்பது வாய்மைப் பயிற்சியாகின்றது.

வடிவமும் தன் குறையை உடையது. உலகப் பொருள்கள் எதிர்மறை இணைகளாகவே அமைந்துள்ளன என அது முன்னரே தீர்மானித்துவிடுகின்றது. கடலுக்குக் கரை எதிரா? மீன்பிடித்து வாழ்வோருக்குக் கடலால் உயிர்ப்பதே கரை. எழுதிவரும் குழந்தை இதனை உணர்ந்து, இறுதி வரியில் ‘கரை’யை விடுத்து மீண்டும் ‘கடல்’ என்றே முடிக்க விரும்பினால், விதி வளையவேண்டுமேயன்றிக் குழந்தை வளைதல் கூடாது. ‘அலைகடல்’ ஒரு சொல்லா, இரு சொல்லா என்னும் கணக்கையும் அவ்வாறே நெகிழவிடுதல் தகும்.

வடிவத்தைக் கொடுப்பது ஆசிரியர் கடமை. சொல்லைத் தெரிவது குழந்தையின் உரிமை. கடமை உரிமையை விழுங்கும் வகுப்பறையில் வைரங்கள் பல தோன்றலாம். அவை யாவும் ஒரே அச்சில் வார்த்த கண்ணாடிக் கற்களாகவே இருக்கும்.